அம்மிணிக்கு, பார்சலோடு

அம்மிணி,

பார்சலில் கச்சாயம் இருக்கிறது, மூன்று நாளுக்குள் தின்றுவிடு. அரப்புத்தூள் ஆத்தா இடித்தது. தூக்கில் இருக்கும் எண்ணெய் நம் காயில் ஆட்டியது இல்லை, காங்கேயத்தில் வாங்கினேன். நம் மரத்துக் காயை ஆட்டினால் எவ்வளவு தேறும் என்று உனக்கே தெரியும்.

போன் செய்தால் "சாப்பிட்டீங்களாப்பா, நானும் சாப்பிட்டேன்" என்று வைத்துவிடுகிறாய். எட்டு நாளாக அதுவும் இல்லை. கோபத்தில் எழுதவில்லை. பார்சல் எப்படியும் வருகிறது, கூட ஒரு காகிதம் வந்தால் என்ன என்றுதான்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பிக்குச் செய்முறைத் தேர்வு முடிந்தது. மயிலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மேற்கு வேலி விவகாரம் மாமன் வந்து பேசிய பிறகு அடங்கிக் கிடக்கிறது. சென்னிமலைத் தேருக்கு நீ வராததை மூன்று பேர் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொன்னேன்.

சந்தையில் உன் தோழியின் அம்மாவைப் பார்த்தேன். "ரெண்டு புள்ளைகளும் ஒண்ணாத்தான் பரீட்சை எழுதினாங்களாமே" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தக்காளி வாங்கினேன். என்ன பரீட்சை என்று அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் இப்போது கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆபீஸில் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இடம் என்று வந்த முதல் வருஷமே நீ உள்ளே போனாய். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டியது. அந்த ஆர்டரை லேமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், அம்மா சிரிப்பாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர ஆரம்பித்ததும் முதல் பணத்தில் தம்பிக்குச் செருப்பு வாங்கினாய். நம் வளவில் வேறு எந்தப் பிள்ளை அப்படிச் செய்தது? ஆனால் அந்தச் சலுகை பி.இ.யோடு சரி. எம்.இ.க்கு நம் கைக்காசுதான். விசாரித்தேன். ஏன் விசாரித்தேன் என்று கேட்காதே.

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுச் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கிற படிப்பு எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். நான் கேட்கவில்லை, ஊரில் கேட்பார்கள். கையெழுத்து விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன், யோசித்துச் செய்.

பொங்கலுக்கு வந்தபோது பேனா மாதிரி ஒரு கருவியை நம் கிணற்றுத் தண்ணீரில் விட்டாய். கரைந்த உப்பு 2140 என்று காட்டியது. குடிக்கிற தண்ணீர் 500-க்குள் இருக்க வேண்டும் என்றாய். அப்புறம், "சாயப்பட்டறையில் நீங்க என்ன வேலைப்பா பார்த்தீங்க?" என்று கேட்டாய். உப்பு மூட்டை தூக்கினேன் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தட்டுப் போடப் போய்விட்டேன். நீ அதற்கப்புறம் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் போனில் இந்தப் பேச்சு.

மூட்டை தூக்கியது நிஜம். சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். பிடித்த பிறகு உப்பு துணியில் நிற்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நான் முதுகில் சுமந்த மூட்டைகள் எல்லாம் எங்கே போயின என்று உனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

சொல்லாதது இது. 2007-ல் கோர்ட் உத்தரவில் கழிவுத் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம் வந்தது. அப்புறம் 8 ஆனது, 10 ஆனது. கணக்கில் காட்டுகிற தண்ணீர் குறைந்தால் முதலாளிக்கு அவ்வளவு மிச்சம். மழை பிடிக்கிற ராத்திரியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கழிவுக் குழாயின் வால்வுச் சக்கரம் துருவேறி இறுகிக் கிடக்கும். சாக்கைச் சுற்றிப் பிடித்து ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர் சூடாக வரும், மழையில் ஆவி கிளம்பும். டார்ச் அடித்தால் வெறும் கறுப்பாகத் தெரியும். சிவப்பா நீலமா என்று விடிந்தால்தான் தெரியும். விடிவதற்குள் அது நொய்யலில் இறங்கி நம் ஊர்ப் பக்கம் பாதி தூரம் வந்திருக்கும். ஒரு ராத்திரிக்கு 200 ரூபாய் தனி. உன் காதுகுத்துக்குப் போட்ட தோடு அந்தக் காசில் வாங்கியது.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தபோது அதை நம்பி மஞ்சள் போட்டவர் அப்பாரு. பிறகு அதில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. 2011 ஜனவரியில் கோர்ட் சொல்லி 700-க்கு மேல் பட்டறைகளை மூடினார்கள். வேலை போய் வீட்டுக்கு வந்து, சாளைத் திண்ணையில் உட்கார்ந்து கோர்ட்டைத் திட்டினேன். அப்பாரு ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அவருக்கு என் ராத்திரி வேலை தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. கேட்க அவர் இல்லை.

உன் அம்மாவிடமும் இதைச் சொன்னதில்லை. காகிதத்தைப் பத்திரமாக வை.

ஏலச்சீட்டு ஆடியில் முடிகிறது. தம்பிக்கும் இந்த வருஷம்தான் கல்லூரி, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உன் கட்டணம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு, பேச வேண்டாம். எந்த மாதம் கட்ட வேண்டும் என்றும் எழுது.

அந்தக் குழாய் ஆற்றில் எந்த இடத்தில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். மேலே முள் மண்டிவிட்டது, ஆனாலும் காட்டுவேன். வரும்போது அந்தப் பேனாவை எடுத்து வா. காலையிலேயே போய்விடலாம், வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது.

தூக்கின் மூடி இறுக்கமாக இருக்கும், ஸ்பூனால் நெம்பித் திற. தூக்கைத் தொலைத்துவிடாதே, அது ஆத்தாளுடையது.

அப்பா