டஸ்டின் நுயென் அண்ணாவுக்கு

அன்புள்ள டஸ்டின் அண்ணா,

1988இல் மூன்றரை மாதம் எனக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன், ஏனென்றால் அது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் உண்மையான பெயர், அந்தப் பிள்ளையின் பாஸ்போட்டில் என் படத்தை ஒட்டித்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் என்னை பாங்கொக் வரை கொண்டுவந்தார். பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், கூட வந்த அன்ரியை அம்மா என்று கூப்பிடுவது, எல்லாவற்றையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பாடமாக்கி வைத்திருந்தேன். அப்போது எனக்கு 13 வயது. 1975 ஏப்ரலில் நீங்கள் வியட்நாமில் சைகோனை விட்டு வெளிக்கிட்டபோது உங்களுக்கு 12. அதனால்தான் கேட்காமலே அண்ணா என்று கூப்பிடுகிறேன், பிழையாக எடுக்காதீர்கள்.

ரொறன்ரோ வந்து சேர்ந்தது பனிக்காலத்தில். விமானநிலையத்தில் உண்மைப் பெயரைச் சொல்லி அகதி கேட்டாயிற்று, அதோடு அந்த மூன்றரை மாதம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஸ்காபரோவில் சித்தப்பாவின் பேஸ்மென்டில் ஒரு சின்ன ரீவி. சித்தப்பா இரண்டு வேலை, சித்தி ஒரு வேலை, பாஷை வராத எனக்கு அந்த ரீவிதான் துணை. அதில் ஒரு மாலை பஃபலோ பக்கத்துச் சானல் ஒன்றில் நீங்கள் நடித்த 21 ஜம்ப் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கப் பொலிஸ் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் என்னைப் பிடித்து இருத்தியது உங்கள் முகம். உண்மையைச் சொல்கிறேன், உங்களோடு நடித்த ஜொனி டெப்பின் முகம் இல்லை. வகுப்பில் பெட்டையள் எல்லாம் அவருடைய படத்தைத்தான் கொப்பி உறையில் ஒட்டியிருந்தார்கள். ஆனால் ஆங்கில நாடகம் ஒன்றில் ஆசிய முகத்தோடு ஒருவர் சாப்பாட்டுக் கடைக்காரராகவோ அடிவாங்கும் ரௌடியாகவோ இல்லாமல், நல்ல ஜக்கெட் போட்டுக்கொண்டு, மற்ற நாலு பேருக்குச் சமமாக நின்று பேசுவதை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த கிழமையும் பார்த்தேன். அதற்கடுத்த கிழமையும்.

கதை எனக்குச் சீக்கிரம் விளங்கிவிட்டது. பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற இளம் பொலிஸ்காரர்களைப் பொறுக்கியெடுத்து, கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் அலுவலகம் போட்டுக் கொடுத்து, பொய்ப் பதிவுகளோடு பள்ளிக்கூடங்களுக்குள் மாணவர்களாக அனுப்புகிறார்கள். போதைப்பொருள் விற்பது யார், துப்பாக்கி கொண்டுவருவது யார் என்று உள்ளே இருந்தே கண்டுபிடிக்க வேண்டும். பற்றிக் ஹாஸ்பர்க்கும் ஸ்டீபன் ஜே. கனெலும் உருவாக்கி, 1987 ஏப்ரல் 12 அன்று, அப்போதுதான் கண் திறந்திருந்த ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 1991 வரை ஐந்து சீசனில் 103 அத்தியாயம் ஓடிய நாடகம் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டவை. அமெரிக்க நகரம் என்று காட்டிய அந்தத் தெருக்கள் எங்கள் கனடாவின் வன்கூவர் என்று தெரிந்தபோது ஒரு காரணமும் இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் நான் பார்த்தது கள்ளனைப் பிடிப்பதை இல்லை, அண்ணா. நடு வருடத்தில் ஒரு புதுப் பெடியன் வகுப்புக்குள் வருகிறான். வாத்தியார் பெயரைச் சொல்லி எல்லாருக்கும் அறிமுகப்படுத்துகிறார். அவன் பின் வரிசையில் போய் இருக்கிறான், யார் யாரோடு கதைக்கிறார்கள், எந்தச் சப்பாத்து போடுகிறார்கள், சாப்பாட்டு மண்டபத்தில் எந்த மேசையில் இருக்கலாம், எந்த மேசையில் இருந்தால் அடி விழும் என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கிறான். டெப் நடித்த ஹான்சனுக்கும், கூட இருந்த பொலிஸ்காரர்களான பென்ஹோலுக்கும் ஹொஃப்ஸுக்கும் அது வேலை. எனக்கு அதுதான் ஒவ்வொரு திங்கள் காலையும். நீங்கள் லொக்கரில் சாய்ந்து நிற்கிற மாதிரி நான் வீட்டுக் கதவில் சாய்ந்து நின்று பார்த்திருக்கிறேன். முதல் சீசன் அத்தியாயங்களின் கடைசியில் நடிகர்களில் ஒருவர் வேஷத்தைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்துப் பேசுவார், உதவி வேண்டுமென்றால் அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண் வரும். எதற்கான எண் என்று விளங்காமலே கொப்பியில் எழுதி வைத்தேன். கிட்டத்தட்ட என் வயதுப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு பெரிய ஆள் அப்படிப் பேசுவதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அப்போது அதற்கு நேரம் இருக்கவில்லை.

அப்புறம் மறு ஒளிபரப்பில் அந்த அத்தியாயம் வந்தது. கிறிஸ்மஸ் இன் சைகோன், இரண்டாவது சீசன். ஜப்பானிய வம்சாவளி அதிகாரி என்று எல்லாரும் நம்பியிருந்த, நீங்கள் நடித்த ஹரி ட்ரூமன் ஐயோக்கி உண்மையில் ஐயோக்கியே இல்லை, சைகோன் விழுந்தபோது தப்பி வந்த வின் வான் ட்ரான் என்ற வியட்நாமியப் பையன், இன்னொருவர் பெயரை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரிலேயே பொலிஸ் ஆகிவிட்டவன். எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனால் பெயர் விஷயம் மட்டும் ஒரு சொல் தவறாமல் விளங்கியது, கை கால் எல்லாம் குளிர்ந்துபோனது. சித்தப்பாவின் மேசையில் என்னுடைய குடிவரவுப் படிவம் கிடந்தது, அதில் இதற்கு முன் வேறு ஏதாவது பெயர் பாவித்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ரீவிக்காரர்களுக்கே தெரிந்துவிட்டது, இனிப் படிவக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன்.

அந்தக் கதைக்குப் பின்னால் உங்கள் சொந்தக் கதை இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். சைகோனில் நடிகரான அப்பா, நடிகையான அம்மா, குவாம் தீவு, அமெரிக்காவின் ஆர்கன்சாவில் அகதி முகாம், பிறகு மிசூரி. மற்ற நாலு பேரும் வேஷம் போட்டுவிட்டுப் பின்னேரம் தேவாலயத்துக்குத் திரும்பித் தங்கள் பெயருக்குள் வந்துவிடுவார்கள். ஐயோக்கிக்குத் திரும்பி வர இடமே இல்லை, அவன் வேஷத்துக்கு மேலே வேஷம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த நாடகத்தில் உண்மையாகவே மறைந்து வாழ்ந்த ஒரே ஆள் நீங்கள்தான். இதை எழுதியவர்கள் அந்த ஒரு அத்தியாயத்தோடு பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். 103 அத்தியாயத்தில் குறைந்தது பத்தாவது அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. சண்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் யாரோ ஒரு பிள்ளை கைதாகும். அதற்கு முன் இரண்டு மூன்று கிழமை ஹான்சனோ நீங்களோ அந்தப் பிள்ளைக்கு நண்பனாக இருந்திருப்பீர்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பீர்கள். உங்கள் முகத்தில் அந்தச் சங்கடத்தைக் காட்டுவார்கள், அதை நான் மறுக்கவில்லை, டெப் அதை நன்றாகவே செய்தார். ஆனால் நாங்கள் உங்களோடு காரில் ஏறி வந்துவிடுவோம், அந்தப் பிள்ளையோடு யாரும் பின்னால் இருப்பதில்லை. சரி, நாடகம் என்று விடலாம். விட முடியாதது என்னவென்றால் இது நாடகத்தில் மட்டும் நடந்தது இல்லை. லொஸ் ஏஞ்சலஸ் பொலிஸ் 1974இலிருந்து இளம் அதிகாரிகளை மாணவர்களாக உயர்தரப் பள்ளிகளுக்குள் அனுப்பிப் போதைப்பொருள் வாங்கவைத்தது, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளும் அகப்படுகிறார்கள் என்ற எதிர்ப்புக்குப் பிறகு 2005இல்தான் அது நின்றது. அப்போதும் மற்ற இடங்களில் நிற்கவில்லை. 2012இல் தெற்குக் கலிபோர்னியாவில் அப்படி ஒரு நடவடிக்கையில் 22 மாணவர்களைப் பிடித்தார்கள், அவர்களில் ஒருவன் ஓட்டிசம் உள்ள பையன். மகனுக்கு ஒருவழியாக ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான் என்று தாய் தகப்பன் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சிநேகிதன் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பிக் கஞ்சா வாங்கித் தரச் சொல்லியிருக்கிறான், இவனும் எங்கேயோ தேடிக் கொஞ்சம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். சிநேகிதன் பொலிஸ்.

கஞ்சா விற்பதைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஸ்காபரோவிலும் குழுச் சண்டையில் செத்த பெடியள் இருக்கிறார்கள், என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளிடம் சிநேகிதத்தைத் தூண்டிலாகப் போடக்கூடாது, அண்ணா. வழக்கு முடிந்துவிடும், பள்ளிக்கூடத்துக்குக்கூடத் திரும்பிப் போகலாம். அடுத்த தரம் ஒரு புதுப் பெடியன் பக்கத்தில் வந்து இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இதை இவ்வளவு உரத்துச் சொல்லக் காரணம் நானும் ஒருவனுக்குப் பொய்ப்பெயர் சொன்னவன். பாங்கொக்கில் ஏஜென்சிக்காரர் எங்களை வைத்திருந்த விடுதியின் மூன்றாம் மாடியில் என் வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். வெளியே போகக்கூடாது, சத்தம் போடக்கூடாது, நாள் முழுக்க இருவரும் கரம் விளையாடுவோம். பாஸ்போட்டுப் பெயரைத் தவிர வேறு பெயர் வாயில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவனுக்கும் அந்தப் பெயரைத்தான் சொன்னேன். அவனும் ஒரு பெயர் சொன்னான். என்னுடைய ஊர், செத்துப்போன என் நாய், அம்மம்மாவின் வீட்டுக் கிணறு எல்லாம் அவனுக்குத் தெரியும், பெயர் மட்டும் தெரியாது. ஒருநாள் விடியப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெர்மனி என்றார்கள், பிறகு பாரிஸ் என்றார்கள்.

முகநூல் வந்த நாளிலிருந்து தேடுகிறேன், எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவது? அவனும் என்னைத் தேடியிருந்தால் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைத்தான் கண்டுபிடித்திருப்பான். அவன் இடக்கைக்காரன், ஸ்ட்ரைக்கரை நடுவிரலால் சுண்டுவான். கல்யாண வீட்டிலோ கழகத்திலோ எங்கே கரம் போட் கண்டாலும் நான் முதலில் பார்ப்பது விளையாடுகிறவர்களின் கைகளைத்தான்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி