அண்ணனின் கழுத்துத் தமனி குறித்து மான்செஸ்டரிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. கோத்தகிரி உறைபனியில் வளர்ந்த எனக்குக் குளிர் பழகிவிட்டது. ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் அறையில் செவிலியர் வேலை முடிந்து வெளியே வரும்போது வெயிலே இல்லாததுதான் இன்னும் பழகவில்லை.

நான் வேலை செய்யும் இடத்தில் தமனியை விரித்துவைக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைக்கிறார்களே, உங்கள் கழுத்துத் தமனிக் கிழிசலுக்குக் கோயம்புத்தூர் மருத்துவர் ஏன் வெறும் மாத்திரையோடு அனுப்பினார் என்று அண்ணி கேட்டிருந்தார். இங்கேயும் முதலில் மாத்திரைதான். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்தால், உள்தோல் உரிந்த ரப்பர் குழாயில் தண்ணீர் புகுவதைப் போல, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து வழியைக் குறுக்கிவிடும். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்கு ஏறாமல் தடுக்கவே இந்த மாத்திரை. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கிழிசல் தானாகவே ஆறிவிடுகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்த 250 பேரில் மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வந்தவர்கள் 4 பேரே. உங்கள் இடது இமை தாழ்ந்திருப்பதும் கண் கோளாறு அன்று. அந்தத் தமனியை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தியதன் விளைவு.

மருந்தை மீறிப் பக்கவாத அறிகுறி வந்தாலோ, மூளைக்குப் போகும் ரத்தம் மிகவும் குறைந்தாலோ, தமனியில் வீக்கம் வளர்ந்துகொண்டே போனாலோதான் ஸ்டென்ட்டைப் பற்றி யோசிப்பார்கள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியைக் கழுத்துவரை ஏற்றி, அது கிழிசலுக்குள் நுழையாமல் சரியான வழியில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே நிட்டினால் என்ற உலோகக் கலவையாலான வலைக்குழாயை விரிப்பார்கள். கம்பி தவறினால் கிழிசல் பெரிதாகலாம், கட்டி பெயர்ந்து மூளைக்கும் போகலாம். வைத்த பிறகும் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே அண்ணியிடம் சொல்லுங்கள், உங்களுக்கு யாரும் குறைவாக எதையும் செய்துவிடவில்லை.

ஆனால் கழுத்து வலிக்கிறதென்று சுளுக்கு வழிப்பவரிடம் போகவே கூடாது, அண்ணா. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கவும் விடாதீர்கள். கொழுந்து மூட்டையை இப்போதைக்கு வேறு யாராவது தூக்கட்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது.

அடுத்த ஸ்கேன் எடுத்ததும் அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை