பலூன்காரனுக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். அளவுகருவியைச் சுமந்து செல்லும் வானிலை பலூன் இருக்கும்போது காற்றின் ஈரப்பதத்தை அளக்க லேசர் எதற்கு என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் பலூன் விட்டவன் நீ, கேட்க உரிமையுண்டு. ஆனால் பெரும்பாலான நிலையங்களில் பலூன் நாளுக்கு இருமுறைதான் மேலே போகிறது. இடிமழைக்கு வித்திடும் மாற்றங்களோ, தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள், அந்த இரண்டு வேளைகளுக்கு நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

எங்களுடையது ராமன் வகை லிடார்; அதாவது லேசர் ஒளியை மேலே அனுப்பி, காற்று மூலக்கூறுகளில் பட்டு அலைநீளம் மாறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி. 355 நானோமீட்டர் புற ஊதாத் துடிப்பை மேல்நோக்கிச் செலுத்தினால், அதில் மிகச் சிறு பங்கை நைட்ரஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 387 நானோமீட்டரிலும், நீராவி மூலக்கூறுகள் ஏறத்தாழ 407 நானோமீட்டரிலும் சிதறடித்துத் திருப்புகின்றன. உலர்காற்றில் நைட்ரஜனின் பங்கு மாறாது என்பதால், இவ்விரண்டின் விகிதமே நீராவியின் அளவைச் சொல்லிவிடும்; ஒளி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு மைக்ரோ நொடிக்கு 150 மீட்டர் என்ற கணக்கில், உயரத்தைத் தரும். சிதறும் ஒளியின் அலைநீளம் இப்படி மாறும் விளைவை 1928-இல் சி.வி. ராமன் முதலில் சூரிய ஒளியைக் கொண்டே கண்டார். பகலில் எங்கள் மெல்லிய சைகையை மூழ்கடிப்பதும் அதே சூரிய ஒளிதான் என்பது வேடிக்கை.

உண்மையான பாடு வெப்பநிலையில்தான். மூலக்கூறுகள் சுழல்வதால் சிதறிய ஒளியில் தோன்றும் சுழற்சி ராமன் கோடுகள் லேசரின் அலைநீளத்தை ஒட்டியே விழும். காற்று சூடாக ஆக, அவற்றில் அந்த அலைநீளத்துக்கு அருகிலுள்ளவை மங்கி, தள்ளியுள்ளவை வலுப்பெறும். அந்த இரு தொகுதிகளின் விகிதத்திலிருந்து வெப்பநிலையைப் பெறுகிறோம். ஆனால் வடிகட்டி வழியே மேகத்தில் பட்டு அலைநீளம் மாறாமலே திரும்பும் லேசர் ஒளி இம்மியளவு கசிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். வெப்பநிலையை விட்டுவிடவும் முடியாது. ஒப்பு ஈரப்பதத்துக்கு, அதாவது காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதற்கு, அதுவும் தேவை. 20 பாகை செல்சியசில் ஒரு பாகை பிழைத்தால், 80 விழுக்காடு என்பது 75 ஆகவோ 85 ஆகவோ மாறித் தெரியும்.

இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. தரையையொட்டிய சில நூறு மீட்டரில் லேசர்க் கற்றை தொலைநோக்கியின் பார்வைக்குள் முழுமையாக வந்து சேர்வதில்லை. விகிதம் எடுக்கையில் இப்பிழை பெருமளவு நீங்கினாலும் முற்றிலும் நீங்குவதில்லை. அகன்ற பார்வை கொண்ட சிறு தொலைநோக்கி ஒன்றைக் கூடவே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எனவே உன் பலூனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் விகிதத்தை நீராவி அளவாக மாற்றும் மாறிலியையே பலூன் அளவீட்டோடு ஒப்பிட்டுத்தான் பெறுகிறோம். மேகமற்ற இரவுகளில் எடுத்த பதிவுகள் உன்னிடம் இருந்தால், முதல் 500 மீட்டருக்கான மூல அளவீடுகளைச் சுருக்காமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்