அக்ராவுக்குப் புறப்படுமுன்

பாளையங்கோட்டை

அன்புள்ள சிதம்பரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மதினியைக் கேட்டதாகச் சொல். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக இருவரும் ஆப்பிரிக்காவின் கானாவுக்கு, அதன் தலைநகர் அக்ராவுக்கு, போகிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த பத்தியில் எனக்கு வந்த கோபத்தை நம் கணக்கு வாத்தியாரே கண்டிருக்கமாட்டார். ஊசி போடாமலே மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் வாங்கித் தருவதாக டிக்கெட் ஏஜெண்ட் சொன்னானாம், நீயும் அலைச்சல் மிச்சம் என்று எழுதுகிறாய்! அந்த நாகர்கோவில் பஸ் பாஸ் விவகாரத்துக்குப் பிறகுமா உனக்குப் புத்தி வரவில்லை?

கானாவில் இறங்குகிறவர்களிடம் மஞ்சள் அட்டை எனப்படும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பும்போதுதான். செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். அதிகாரிகளைக் குறை சொல்லவும் முடியாது. இந்த நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைக் கொண்டுவரும் அதே கொசு, உன் மாடித் தொட்டியிலேயே குடும்பம் நடத்துகிறது. நோயோடு ஒருவன் வந்து இறங்கினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

சென்னைக்கு ஓடவேண்டியதும் இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுகம் ஆகியவற்றோடு தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசியைப் போடுகிறார்கள். குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டிய மருந்து என்பதால், எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, பாஸ்போர்ட்டோடு போ. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரம் வரை இழுத்தடிக்காதே. முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போடவேண்டியிருந்தது. 2016 முதல் ஒருமுறை போட்ட சான்றிதழே ஆயுளுக்கும் செல்லும்.

இனி விளையாட்டில்லை. நம் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி. முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும் வயதானவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூட்டு வலிக்கு நீ விழுங்கும் மாத்திரையில் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதை உன் டாக்டரிடம் கேள். முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் மறைக்காதே. போடலாமா, கூடாதா என்பதை அவர் எடைபோட்டுச் சொல்லட்டும். ஏஜெண்ட் உன் நாடியைப் பிடித்துப் பார்க்கப்போவதில்லை.

மலேரியா விஷயத்தில் உங்களைப் போன்ற பயணிகளுக்கு மாத்திரையும் கொசுவலையும்தான் காவல். மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பின்னும் மருந்துக்கு ஏற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடரவேண்டும்; வீடு வந்தாயிற்றே என்று நிறுத்திவிடுவது உன் வழக்கம் என்பதால் மதினியிடம் ஒப்படைத்துவிடு. வந்தபின் எப்போது காய்ச்சல் கண்டாலும், 'கானா போய் வந்தேன்' என்பதை டாக்டரிடம் முதலில் சொல். சொல்லாவிட்டால் இங்கே டெங்கு என்றே நினைத்து நாளைக் கடத்துவார்கள்; அங்குள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா அத்தனை நாள் பொறுக்காது.

தூத்துக்குடி போகும் நாளை எழுது, நானும் வருகிறேன். மக்ரூன் உன் செலவு.

அன்புடன்,
சங்கரன்