ஏழு வருஷத்துக்கு ஒரு சண்டை

அன்புள்ள மல்லிகா,

நீ தலைமையாசிரியை ஆன சேதியை உன் தம்பி ஸ்டேட்டஸில் போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கழுத்தில் மாலை, முகத்தில் எரிச்சல். ஏட்டி, எனக்கு ஒரு வரி முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா? சரி, இப்போதாவது கடிதம் வந்ததே. இங்கே அமெரிக்காவில், வர்ஜீனியாவில், எல்லாரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவள் கல்லூரியில் இருக்கிறாள், துணி துவைக்க மட்டும் வீட்டுக்கு வருகிறாள். நான் இன்னமும் பக்கத்துப் பள்ளிகளில் சப்ஸ்டிடியூட் டீச்சராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், யாராவது லீவு போட்டால் காலையில் செய்தி வரும், ஒருநாள் மூன்றாம் வகுப்பு, ஒருநாள் எட்டாம் வகுப்பு, எங்கே போனாலும் கரும்பலகை ஓரத்தில் அன்றைய எஸ்.ஓ.எல். (மாநிலக் கற்றல் தரநிலை) எண்ணை எழுதி வைத்திருப்பார்கள்.

நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன். அங்கே பாடத்திட்டத்தை மாற்றுவது வாஷிங்டனா மாநிலமா, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, வாத்தியார்களை ஒரு வார்த்தை கேட்பார்களா என்று எழுதியிருந்தாய். வாஷிங்டனுக்கு இதில் வாயே கிடையாது. 2015இல் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம், மாநிலங்கள் தரநிலைகள் வைத்திருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று மத்தியக் கல்வித்துறை சொல்லக் கூடாது என்றும் கட்டிப் போட்டுவிட்டது. 2010இல் மாநில கவர்னர்களின் சங்கம் முன்னின்று கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் காமன் கோர் என்று ஒரு பொதுத் தரநிலை கொண்டுவந்தது, நாற்பதுக்கு மேல் மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, 2014இல் இண்டியானா முதலில் கழன்றுகொண்டது, அப்புறம் சில மாநிலங்கள். எங்கள் வர்ஜீனியா அதில் சேரவே இல்லை. 1995இலிருந்து சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அதுதான் இந்த எஸ்.ஓ.எல். (இங்கே கவர்னர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வருகிறவர். நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதே.)

நீங்கள் நோட்டில் எழுதுகிற கற்றல் விளைவுகள் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான். எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரி. பாடநூல் வேறு, அதை அந்தந்த மாவட்டம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 1998இல் இந்த வரிகளை வைத்துத் தேர்வு நடத்த ஆரம்பித்தார்கள், முதல் வருஷம் மாநிலம் வைத்த இலக்கை எட்டிய பள்ளிகள் நூற்றுக்கு இரண்டுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கனம் கூடிவிட்டது. கேள்வித்தாள் ப்ளூபிரிண்ட் பார்த்துப் பாடம் நடத்துவது இங்கேயும் உண்டு, நீ சிரிப்பாய்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. எந்தப் பாடமானாலும் ஏழு வருஷத்துக்கு ஒருமுறையாவது தரநிலையைத் திரும்பப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் மனசு வர வேண்டியதில்லை, யாரும் போராட வேண்டியதில்லை, நாள் வந்தால் திறக்க வேண்டும். கணக்கு 2016, 2023. ஆங்கிலம் 2010, 2017, 2024. வரலாறு 2008, 2015, அடுத்தது 2022இல் வந்திருக்க வேண்டும், 2023இல்தான் வந்தது. அந்தத் தாமதத்தில்தான் கதையே இருக்கிறது.

வழக்கம் இதுதான். கல்வித்துறை ஆசிரியர்கள், பேராசிரியர்கள், அருங்காட்சியகக்காரர்கள், பெற்றோர் எல்லாரையும் வைத்துக் குழு போடும். வரைவு தயாரானதும் மாநிலக் கல்வி வாரியத்தின் முன் வைப்பார்கள். ஒன்பது பேர், கவர்னர் நியமிப்பார், சட்டமன்றம் ஒப்ப வேண்டும், நாலு வருஷப் பதவி. (டெக்சாஸில் பதினைந்து பேர், அவர்களை மக்களே ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், அந்தக் கூத்து தனி.) முதல் பரிசீலனை முடிந்ததும் ஊர் ஊராகக் கருத்துக் கேட்புக் கூட்டம், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிஷம் பேசலாம், மின்னஞ்சலும் அனுப்பலாம். பிறகு இறுதிப் பரிசீலனை. பழைய வரி எது, புதிய வரி எது என்று ஒப்பிட்டுக் காட்டுகிற ஆவணத்தையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள்.

இப்போது சிக்கலைப் பார். வர்ஜீனியாவில் ஒரு கவர்னர் தொடர்ந்து இரண்டு தடவை இருக்க முடியாது. நாலு வருஷம்தான், கிளம்ப வேண்டும். திருத்தமோ ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, வேலையோ இரண்டு வருஷம் இழுக்கும். ஆக ஒரு ஆட்சியில் உட்கார்ந்து எழுதுவது இன்னொரு ஆட்சியில் வந்து விழும். வரலாற்றுத் திருத்தத்தை 2021இல் ஜனநாயகக் கட்சி கவர்னர் நார்த்தாம் காலத்தில் ஆரம்பித்தார்கள், வரைவு 2022 ஆகஸ்டில் வாரியத்துக்கு வந்தபோது குடியரசுக் கட்சி யங்கின் கவர்னர், வாரியத்திலும் பாதிக்கு மேல் அவர் போட்ட ஆட்கள். வரைவு நானூறு பக்கம். அதில் ஜார்ஜ் வாஷிங்டன் நாட்டின் தந்தை என்ற வார்த்தை விட்டுப்போயிருந்தது. எதிர்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நவம்பரில் துறை வேறொரு வரைவு கொண்டுவந்தது, ஐம்பத்து மூன்றே பக்கம், அதில் பூர்வகுடிகளை 'முதல் குடியேறிகள்' என்று எழுதியிருந்தார்கள், தொடக்க வகுப்புகளில் மார்ட்டின் லூதர் கிங் பெயரையே காணோம். தவறுதலாக விட்டுப்போயிற்று என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அவசரத்தில் வெட்டி ஒட்டினால் இப்படித்தான் ஆகும் என்பதும் நிஜம்.

அந்த நவம்பர் 17ஆம் தேதிக் கூட்டத்தை நான் யூடியூபில் பார்த்தேன், இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மணிக்கணக்காக ஆட்கள் வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள், ரிடையர் ஆன வாத்தியார்கள், பூர்வகுடிகள், சீக்கியர்கள், அப்பா அம்மாக்கள். கடைசியில் கவர்னர் போட்ட ஆட்களே அதிகம் இருந்த அந்த வாரியம், இதை ஏற்க முடியாது, இரண்டு வரைவையும் வைத்துக்கொண்டு சரிசெய்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது! அந்த வாரியத்தில் இந்தியாவிலிருந்து குடியேறிய ஒரு பெண்மணியும் இருந்தார், சில மாதம் கழித்து மாநில செனட் அவர் நியமனத்தை ஒப்பவில்லை, அதுவும் ஒரு கட்சிச் சண்டைதான். 2023 ஜனவரியில் மூன்றாவது வரைவு, மார்ச்சில் துறைத் தலைவர் ராஜினாமா, ஏப்ரல் 20ஆம் தேதி ஒருவழியாக நிறைவேறியது. குழந்தைகளுக்கு மார்ட்டின் லூதர் கிங் திரும்பக் கிடைத்தார். சீக்கிய மதமும் முதல் தடவையாக உள்ளே வந்தது, பல மாநிலங்களில் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதி, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசித்தான் அவர்கள் இதைச் சாதித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பொங்கலுக்குக் கூடுவோம், இதற்கு எங்கே கூடுகிறோம்?

அசிங்கமான சண்டை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே மாநிலத்தில் 1950இல் சட்டமன்றமே ஒரு கமிஷன் போட்டு வரலாற்றுப் பாடநூல் எழுத வைத்தது, அடிமைகள் எஜமானர்களோடு சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்கிற ரீதியில். ஐம்பதுகளின் கடைசியில் பள்ளிக்கு வந்த அந்தப் புத்தகங்களை எழுபதுகள் வரை பிள்ளைகள் படித்தார்கள். அப்போது இந்த அளவுக்குக் கூச்சல் இல்லை, இப்படி ஊர் ஊராக மைக் வைத்துக் கருத்துக் கேட்கவும் இல்லை. அந்த அமைதிக்கு இந்தக் கூச்சல் எவ்வளவோ மேல்.

ஆனால் தரநிலை சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. 2010இல் நான்காம் வகுப்புப் பாடநூலில், உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான கறுப்பின வீரர்கள் அடிமை முறையைக் காக்கப் போராடிய தெற்குப் படையில் சண்டை போட்டார்கள் என்று அச்சாகி வந்துவிட்டது. மாநிலமே ஒப்புதல் கொடுத்த புத்தகம். எழுதியவர் அதை இணையத்தில் தேடி எடுத்தாராம். கண்டுபிடித்தது யார் தெரியுமா, வில்லியம் அண்ட் மேரி கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், தன் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டியபோது. அதற்கப்புறம்தான் பாடநூல்களைத் துறை நிபுணர்கள் பார்த்துச் சரிசொல்ல வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

இன்னொன்று, வரலாற்றுக்குத்தான் இத்தனை டிவி கேமராக்கள். கணக்குத் தரநிலை 2023 ஆகஸ்டில் மாறியது, யாருக்குத் தெரியும்? வகுப்பறைக்குள் நின்று பார்க்கிற எனக்கு அதுதான் பிள்ளைகளை அதிகம் தொடுகிறது என்று படுகிறது. ஒரு தலைப்பை ஒரு வகுப்பு கீழே இறக்கினால் இடையில் மாட்டிக்கொள்கிற ஒரு செட் பிள்ளைகளுக்கு அது இரண்டு வருஷத்திலும் கிடைக்காது. கணக்கு ஒருமுறைதான் செய்தியானது, 2021 வசந்தத்தில், பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே கணக்கு, வேகமாகப் போகிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு கிடையாது என்று பேச்சு கிளம்பியபோது. எங்கள் பக்கத்து இந்திய வாட்ஸ்அப் குழுக்களில் அன்றைக்கு இருந்த ஆவேசத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அடிமை முறை பற்றி எந்த வரி வந்தாலும் போனாலும் வாய் திறக்காதவர்கள், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா போய்விடும் என்றதும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். துறை அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கம் கொடுத்தது, அடுத்த கவர்னர் வந்ததும் திட்டத்தையே எடுத்துவிட்டார்.

கலிபோர்னியாவில் இந்தக் கடிகாரம் ஓடவில்லை. அங்கே வரலாற்றுத் தரநிலை 1998இல் எழுதியது, அதை இன்னும் தொடவில்லை. ஆறாம் வகுப்பில் பழங்கால இந்தியா பாடம், அதில் சாதி அமைப்பு பற்றி ஒரு வரி உண்டு. தரநிலை மாறாததால் சண்டையெல்லாம் அதற்கு விளக்கமாக எழுதுகிற வழிகாட்டி ஆவணத்தில் நடக்கிறது. 2016இல் இந்தியா என்று போடுவதா தெற்காசியா என்று போடுவதா, தலித் என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று நம் நாட்டு ஆட்களே இரண்டு அணியாகப் போய் வாரியத்தின் முன் நின்றார்கள். நம் ஊரில் மறைத்துப் பேசுவதை அங்கே மைக் வைத்துப் பேசினார்கள் என்பது வரைக்கும் எனக்குச் சந்தோஷம்.

நீ ஒன்று சொல். 2017 கடைசியில் வரைவுப் பாடத்திட்டத்தை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்டார்களே, அப்போது நீ பத்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாய், நீயோ உன் ஸ்டாஃப் ரூமில் வேறு யாருமோ ஏதாவது எழுதி அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அது எங்கே போனது என்று யாராவது சொன்னார்களா? பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்கள் அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கும் மேலாக மாறாமலே கிடந்தன, அப்புறம் இரண்டே வருஷத்தில் அத்தனையும் மாறின, பாதி டீச்சர்கள் தாங்களே ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுக் காலையில் நடத்தினார்கள் என்று நீதான் புலம்பினாய். ஏழு வருஷக் கணக்கு ஒன்று சட்டத்தில் இருந்தால் உங்களுக்கு ஒத்துவருமா, இல்லை, அதையும் ஒரு சுற்றறிக்கையாக்கி உன் தலையிலேயே கட்டிவிடுவார்களா? தலைமையாசிரியையாக யோசித்துச் சொல், பழைய மல்லிகாவாகச் சொல்லாதே.

டிசம்பர் கடைசியில் வருகிறோம். கோவில்பட்டி கடலைமிட்டாய் எனக்கு மட்டும் வாங்கி வை, இவருக்குச் சர்க்கரை.

அன்புடன்,
சாந்தி