அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்கு

அன்பான சபையாருக்கும், தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் என்னைத் தாங்கிப் பிடித்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த மடலை இடது கையின் ஒற்றை விரலால் செல்போனில் தட்டியிருக்கிறேன். பதினோரு நாள் ஆயிற்று. சொல் கிடைக்காமல் நின்ற இடங்களில் மகள் எடுத்துக்கொடுத்தாள். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் சொல்லுக்குக் கடன் வாங்குகிறாள். நீங்களும் சிரிக்கலாம், நான் சிரித்து முடித்துவிட்டேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு மதினிக்கு. போன ஆடி மாதம் ஒரு காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், வாய் ஏன் ஒரு பக்கமா இழுக்கு?" என்று கேட்டாள். நான் பதில் சொன்னதாகத்தான் நினைத்தேன். வெளியே வந்தது "ப்ப... ப்ப..." மட்டும். கோலப்பொடிக் கையோடு 108-க்கு அடித்தாள். வந்தது பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். நான் ஒன்றரை மணி நேரத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றால் அதற்கு மதினிதான் காரணம். எனக்காக அவள் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். குருவானவர் ஐயா என்ன நினைப்பாரோ, அந்த அன்புக்கும் சேர்த்தே நன்றி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக நான் பிரஷர் மாத்திரை போடவில்லை. விசுவாசத்தால் அல்ல, அசட்டையால். யாரும் இதைச் சாட்சியாகச் சொல்லிவிட வேண்டாம்.

மூளையின் இடது பக்கம் அடி வாங்கியதால் வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. அஃபேசியா என்றார் டாக்டர். நாக்குக்குக் கேடு ஒன்றுமில்லை, மனதில் எல்லாம் தெரியும், சொல் மட்டும் அகப்படாது. விழுங்குவதிலும் சிக்கல் இருந்தது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடத் தரவில்லை. மூக்கில் குழாய், பன்னிரண்டு நாள்.

அங்கே இரவுப் பணியில் ஒரு சிஸ்டர் இருந்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்து, வெடித்துப் போயிருந்த என் உதட்டை ஒற்றியெடுப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஈரத்துக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக் காத்துக் கிடப்பேன். அப்படி ஒரு ராத்திரியில்தான் வேதத்தில் வரும் கடற்காளான், அந்தக் கடற்பஞ்சு, நினைவுக்கு வந்தது. காடியில் தோய்த்து ஈசோப்புத் தண்டில் மாட்டி, சிலுவையில் தொங்கிய இயேசுவின் வாயருகே நீட்டினார்களே, அது.

சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய பெரிய வெள்ளி தியானத்தில் பதினான்கு வருஷமாக ஐந்தாம் வார்த்தை எனக்குத்தான். "தாகமாயிருக்கிறேன்." ஆத்தும தாகம், நீதியின் தாகம், சமாரியப் பெண்ணின் குடம் என்று இருபது நிமிஷம் அடுக்குவேன். அவருக்கு நிஜமாகவே நாக்கு வறண்டிருந்தது, பக்கத்தில் நின்றவர்களிடம் தண்ணீர் கேட்டார் என்று ஒரு வருஷம்கூடப் பேசியதில்லை. கர்த்தரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். எனக்கோ பெட் பேன் வேண்டும் என்று கை காட்டக்கூட வெட்கம்.

அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தச் சின்னப் பெண். சின்ன வயதிலிருந்து பாடமாகிப் போனது சரமாக வரும், தனிச்சொல்தான் வராது என்று கண்டுபிடித்தது அவள்தான். பரமண்டல ஜெபம் முழுக்கச் சொல்வேன், ஆனால் "சோறு" என்று சொல்ல முடியாது. அதனால் பசித்தால் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று முதலிலிருந்து ஆரம்பித்து, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" வரை வந்து நிறுத்துவேன். மகள் தட்டை எடுத்து வருவாள். தண்ணீர் வேண்டுமானால் 23-ஆம் சங்கீதம். "அமர்ந்த தண்ணீர்கள்" வந்ததும் செம்பு வந்துவிடும். காபிக்குத்தான் வேதத்தில் வசனம் இல்லை.

மூன்று மாதம் கேரியரில் சாப்பாடு அனுப்பிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு நன்றி. தினமும் எனக்குத் தலை பின்னிவிடும் என் வீட்டுக்காரருக்கும். ஜடை கோணல்தான், பரவாயில்லை.

இனி எழுதப்போவதற்குத்தான் பதினோரு நாளில் நாலு நாள் போனது. நம் சபையில் திக்கிப் பேசுகிற ஒரு தம்பி உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் அவனுக்கு வேதபாட வாசிப்பு முறை வந்தபோது, "ஆராதனை நீண்டுபோகும்" என்று சொல்லி மாற்றச் செய்தது நான். அவனுக்கும் அது தெரியும். அந்தத் தம்பி சனிக்கிழமை தோறும் வந்து என் எதிரே உட்கார்ந்தான். பார்க்க வந்த மற்றவர்கள் நான் வாயைத் திறந்ததும் "தண்ணியா? ஃபேனா? தலையணையா?" என்று தவிப்பார்கள். அவன் எதையும் எடுத்துக்கொடுக்க மாட்டான். சொல் வரும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான். அப்படிக் காத்திருக்க எங்கள் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, எந்த வசனத்தின் துணையும் இல்லாமல் எனக்கு வந்த முதல் தனிச்சொல் "மன்னிச்சிரு". அவனும் திக்கித்தான் பதில் சொன்னான். "ச... ச... சரி டீச்சர்."

தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி அப்போஸ்தலர் பவுல் கர்த்தரிடம் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், எடுபடவில்லை. நான் எத்தனை தரம் கேட்டேனோ, கணக்கில்லை. வலது கை இன்னும் மடங்கியே இருக்கிறது. "பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று பவுலுக்குக் கிடைத்த பதில் வசனத்தை மனப்பாடப் போட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி பரிசு கொடுத்தவள் நான். பலவீனம் போன பிறகு பலம் வரும் என்றே படித்திருக்கிறேன் போல. பலவீனத்திலே: ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். இலக்கணம் நடத்திய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

கடைசியாக, இந்தப் பெரிய வெள்ளி. ஐந்தாம் வார்த்தையை இந்த வருஷமும் எனக்கே கொடுத்த குருவானவர் ஐயாவுக்கு என் வந்தனம். கோலை ஊன்றி நின்றேன். அந்த ஒரே சொல்லைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. சபையில் ஒருவர்கூட எடுத்துக்கொடுக்கவில்லை, இருமக்கூட இல்லை. எல்லாருமாகக் காத்திருந்தீர்கள். எனக்கு நிஜமாகவே தாகம் என்று நினைத்த கோயில்பிள்ளை அண்ணன், உபவாச நாள் என்பதையும் மறந்து வெஸ்திரி அறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தார். வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு வேறு பிரசங்கம் செய்யவில்லை.

அண்ணே, அந்த எவர்சில்வர் டம்ளர் என் பைக்குள்ளேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.