ஞாயிறு மாலை ‘இருபத்தெட்டு’ கற்றுக்கொள்ளலாம், வாங்க

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு நம்ம பெரம்பூர் பிளாட் மொட்டை மாடியில், இருபத்தெட்டு சீட்டாட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தர உட்காருகிறோம். காசு வைத்து ஆடுவது கிடையாது.

நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் மிச்சம் 32 சீட்டு. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் இடிப்பது வரிசைதான்: இதில் பெரியது ஜாக்கி, 3 புள்ளி; அடுத்து ஒன்பது, 2 புள்ளி; அப்புறம் ஏஸ், பத்து தலா 1; ராஜா, ராணிக்கு ஒன்றுமே இல்லை. மொத்தம் 28. முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்து 14-லிருந்து கேள்வி கேட்க வேண்டும், அதாவது நம்ம ஜோடி எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஏலம் சொல்ல வேண்டும்; அதிகம் கேட்டவர் துருப்பை (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை) கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நாலு சீட்டு கைக்கு வரும். அந்தத் துருப்பு என்னவென்று ஜோடிக்குக்கூடத் தெரியாது. இறங்கிய இனம் (ஸ்பேட், ஆர்ட்டின் மாதிரி) கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டச் சொன்னால்தான் திறப்பார்கள். அதுவரை ஜோடி இறக்குகிற சீட்டை வைத்தே ஊகிக்க வேண்டும், கண்ஜாடை கூடவே கூடாது. ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், பாய் இருந்தால் எடுத்து வாங்க.